சானல்கரையில் நிற்கும் குதிரை

அக். 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை.

என் குதிரை பிங்கியின் முன்னங்காலில் மறுபடி வீக்கம். மிருக டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இனி அவள் முதுகில் ஆள் ஏற்றக் கூடாது. மேயலாம், முற்றத்தில் நடக்கலாம். அவ்வளவுதான்.

மாதக் கடைசிக்குப் பூவார் விடுதிகளில் இருந்து சவாரிக்கு ஆள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இருப்பது இந்த ஒரு குதிரை. மஸ்கட்டில் நர்ஸாக இருந்தபோது லீவு நாட்களில் பழகிய குதிரையேற்றம், குளத்தூருக்குத் திரும்பிய பிறகு பிழைப்பாகிவிட்டது. பந்தயம், பாய்ச்சல் எதுவும் கிடையாது. விளைகள் என்கிற ரப்பர்த் தோட்டங்கள், பாசனக் கால்வாயின் சானல்கரை, தென்னந்தோப்பு. மெதுவான நடை. வருகிறவர்களில் பாதிப் பேர் குதிரையைத் தொட்டே பார்த்திராதவர்கள்.

வாங்க விசாரித்த குதிரைகள்:
திருவனந்தபுரம். ஒன்றரை லட்சம். அடங்கி நடக்கும். ஆனால் கிழடு.
மதுரை. எண்பதாயிரம். கல்யாண ஊர்வலத்துக்குப் பழக்கியது, மேளம் கேட்டால் ஆடுமாம். சானல்கரையில் ஆடினால்?
கோவை. போட்டோவிலேயே கண்ணின் வெள்ளை தெரிகிறது, மிரளும் ஜாதி. வேண்டாம்.

நடுவயது, நல்ல கால், ரோட்டுக்கு மிரளாதது என்றால் ஒன்றரைக்குக் குறையாது போலிருக்கிறது. நம் கை அதற்குச் சற்றுக் கீழேதான் எட்டும்.

என் வீட்டுக்காரர் ஜெபா வேன் கழுவிக்கொண்டே சொன்னார்: "மணியன் அண்ணன்ட்ட சொல்லி வச்சிருக்கேன். மாட்டுத் தரகுதான், ஆனா அவருக்குத் தெரியாத கொட்டகை இல்ல."

மீன்காரி வரவில்லை. முட்டை.

அக். 7, செவ்வாய்

மழை விட்டு விட்டு. மணியன் அண்ணன் காலையிலேயே போன். "மக்கா, அமரவிளையில ஒரு குதிர உண்டு. வெல கேட்டா நீ நம்பமாட்டா. ஒடனே வா."

போனேன். ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஓட்டு வீடு. முன்பக்கம் தையல் கடை. உடைமைக்காரி ஷீபா, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கழுத்தில் அளவு டேப் தொங்கியபடியே வந்தாள். பின்பக்கக் கொட்டகையைக் கையால் காட்டினாள். அவள் அந்தப் பக்கம் வரவில்லை.

குதிரை ராணா. ஆண், காயடித்தது. செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கின்றன. குளம்பு வெட்டி நாளாகிவிட்டது. பிடரியில் சிக்கு. விலா கொஞ்சம் தெரிகிறது. ஆனால் கால்கள்! வீக்கமில்லை, முடிச்சில்லை. நாலு காலையும் தூக்கிப் பார்த்தேன், கொடுத்தான்.

என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன், யாராவது வருகிறார்களோ என்று.

விலை கேட்டேன். ஷீபா அறுபதாயிரம் என்றாள். சேணம், கடிவாளம் எல்லாம் சேர்த்து.

"ஏன் அக்கா இவ்வளவு கொறவு?"

"அவன் எனக்க மாப்பிள்ளைய கொன்னவன் ஆக்கும். பின்ன என்ன வெல சொல்லணும்?"

குரல் உயரவில்லை. டேப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் மணியன் அண்ணன் மிச்சத்தைச் சொன்னார். கணவர் ராபின்சன், பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு வடக்கிலிருந்து லாரியில் கொண்டுவந்த குதிரை. போன கர்க்கடக மாதம், ஆடி மழையில், சானல்கரையில் விழுந்து, தலையில் அடி. குதிரை ஆளைத் தள்ளிவிட்டு வெறும் சேணத்தோடு வீட்டுக்கு ஓடி வந்ததாம். அது வந்த பிறகுதான் சேதி வந்தது. அன்றிலிருந்து கொட்டகையில்தான். பக்கத்து வீட்டுக்காரர் புல் போடுகிறார்.

"ஆள் தின்ன குதிரன்னு பேரு விழுந்துபோச்சு. ஒருத்தனும் வாங்கமாட்டான். நாப்பதுக்கு நான் முடிச்சுத் தாறேன்."

ஆளைத் தள்ளும் குதிரை என்றால் நாலாயிரத்துக்கும் வேண்டாம். இல்லையென்றால் நாற்பது என்பது பிடுங்குவது.

அக். 9, வியாழன்

டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். பல் பார்த்து ஒன்பது, பத்து வயது என்றார். மூச்சு சுத்தம். கண் சுத்தம். முதுகில் புண் தழும்பு இல்லை. வளைத்து, ஓடவிட்டு, நிறுத்தி எல்லாம் பார்த்தார். "சிஸ்டர், இதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. கோளாறுன்னா அது தலைக்குள்ளதான் இருக்கணும்."

ஏறிப் பார்த்தேன். முதலில் சந்து, பிறகு ரோடு. கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் உரசிக்கொண்டு போனது, காது மட்டும் அசைந்தது. டிப்பர் லாரி, நாய், மழைக்கோட்டு படபடக்க பைக்கில் போகிறவன். ஒன்றுக்கும் மிரளவில்லை. தோளைத் திருப்பினாலே திரும்புகிறான். மூச்சை விட்டாலே நிற்கிறான். இத்தனை நாள் நின்றுபோயிருந்த குதிரை இப்படியா? யாரோ பொறுமையாகப் பழக்கியிருக்கிறார்கள். அந்த ஆளுடைய கை இன்னும் குதிரைக்குள் இருக்கிறது. நான் ஏறியிருந்தேன், ஆனால் அவன் வேறொருவர் பேச்சைக் கேட்டு நடந்துகொண்டிருந்தான்.

இறங்கியபோது ஷீபா ஜன்னலில். நான் போட்டிருந்த பச்சை மழைக்கோட்டையே பார்த்தாள். பிறகு தையல் மெஷின் சத்தம்.

ஜெபாவிடம் எல்லாம் சொன்னேன். "பின்ன என்ன யோசன? அறுவதுன்னு அவிய வாயாலே சொல்லியாச்சு."

என்ன யோசனை என்று எனக்கே தெரியவில்லை. தலைவலி. மாத்திரை.

அக். 10, வெள்ளி

இன்று நடந்ததைச் சரியாக எழுத வேண்டும்.

கடைசிச் சோதனையாக அவனைச் சானல்கரைக்குக் கொண்டுபோனேன். என் சவாரிகள் பாதி சானல்கரையில்தான். அங்கே நடக்காத குதிரை எனக்கு எதற்கு? ஷீபாவிடம் கேட்டேன். "எங்க வேணும்னாலும் கொண்டு போங்க சிஸ்டர். எனக்குச் சொல்லாண்டாம்."

விடிந்து கொஞ்ச நேரம். மழை இல்லை, மரத்திலிருந்து சொட்டு மட்டும். ஒரு பக்கம் சானல், கலங்கல் வெள்ளம். மறுபக்கம் ரப்பர் விளை, மேட்டில். நல்ல நடை. சின்னப் பாலம் தாண்டி ஒரு வளைவு. அங்கே நின்றான்.

தட்டிக்கொடுத்தேன், குதிகாலால் அழுத்தினேன், பேசினேன். நகரவில்லை. மிரட்சியும் இல்லை. மிரண்ட குதிரையின் உடம்பு எனக்குத் தெரியும், வில் மாதிரி இறுகும். இவன் தளர்ந்து நின்றான். இரண்டு காதும் இடப்பக்கம், கீழே, கரைப் புல்லின் மேல். இறங்கினேன். தலையைத் தாழ்த்தி அந்தப் புல்லில் மூக்கை வைத்தான். மேயவில்லை. மெதுவாக மூச்சு விட்டான். கொஞ்சம் பொறுத்து மறுபடி. தூங்குகிற பிள்ளையிடம் மூச்சு வருகிறதா என்று பார்க்கிற மாதிரி.

குனிந்து பார்த்தேன். அங்கே புல்லைத் தவிர எதுவும் இல்லை.

மேலே விளையில் ஒரு அலறல். ரப்பர் பால் வெட்டும் பெண் ஒருத்தி, தலையில் டார்ச், கையில் கத்தி, என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். நான் மழைக்கோட்டுத் தொப்பியைக் கழற்றினேன். முகத்தைக் கண்டதும் இன்னும் பயந்தவள் போல மரங்களுக்குள் ஓடிவிட்டாள்.

நேரம் போய் ராணா தானாகவே நகர்ந்தான். எதற்காக நின்றானோ அது முடிந்தது போல.

வீட்டுக்கு வந்து சுக்குக் காப்பி குடித்தும் குளிர் போகவில்லை.

அக். 11, சனி

மணியன் அண்ணனிடம் வழியில் நின்றதைச் சொல்லியிருக்கக் கூடாது. துள்ளினார். "நிக்குத குதிரயா? பின்ன நாப்பதும் கூடுதல். நிப்புன்னு சொன்னா முப்பத்தஞ்சு. நான் இன்னைக்கே பேசுதேன்." ஷீபாவிடம் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

தரகுக் கணக்கில் அவர் சொல்வது சரி. வழியில் நின்றுவிடும் குதிரைக்கு விலை குறையும். எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆனால் நேற்று கண்டது முரண்டு இல்லை. முரண்டு பிடிக்கும் குதிரை போகமாட்டேன் என்று நிற்கும். இவன் விட்டுப் போகமாட்டேன் என்று நின்றான்.

ராபின்சன் விழுந்தது அந்த வளைவாகத்தான் இருக்க வேண்டும். தலையில் அடிபட்டு விழுந்த ஆளைக் குதிரை விட்டு ஓடியதென்றால், அந்த இடத்தில் இப்படி நிற்கக் கற்றுக்கொண்டது எப்போது?

பிங்கிக்கு ஒத்தடம். சமையல் கேஸ் புக் பண்ண வேண்டும். கனவில் வெறும் சேணம் மட்டும் நடந்து வந்தது.

அக். 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே அந்த விளைக்கு. ஜெபாவைப் பாலத்தருகே வேனில் இருக்கச் சொன்னேன். கீழே பெட்டிக்கடையில் கேட்டதில் பெயர் கிடைத்தது, கனகம். விளைக்குப் பின்னால் வீடு. ஐம்பது தாண்டிய பெண். என்னைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணைக்கு நான் உங்கள அவருன்னு நெனச்சுப்போட்டேன் மோளே. அதே குதிர, அதே பச்சக் கோட்டு, அதே எடம்."

"நீங்க அவரைக் கண்டிருக்கீங்களா சேச்சி?"

கதவை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு முழுவதும் சொன்னார். கேட்டபடியே எழுதுகிறேன்.

"குதிர தள்ளல்ல. நான் கண்ணால கண்டதாக்கும். நடந்துதான் வந்துது. அவரு அதுக்க கழுத்துல அப்பிடியே சாஞ்சாரு, ஒறக்கம் வந்த மாதிரி. பின்ன சறுக்கி விழுந்தாரு. கல்லுல தல பட்டுது. குதிர அங்கயே நின்னுது. ஒரு அடி மாறல்ல. நானும் கூட வெட்டுதவளும் எறங்கிப் போனோம். குதிர தலையத் தூக்கிப் பாத்துது. எங்களுக்குப் பேடி, கிட்ட போவப் பயம். சவிட்டும், கடிக்கும்னு ஊர்ல சொல்லுவினும். குடிச்சிருப்பாருன்னு அவ சொன்னா. எந்திரிச்சுப் போவாருன்னு நாங்க மேல வந்தோம்."

"பிறகு?"

"வெட்டு முடிச்சோம். வீட்டுல வந்து கஞ்சி குடிச்சோம். பாலெடுக்கப் போனா, குதிர அப்பவும் நிக்குது. மூக்க அவருக்க மொகத்துல வச்சோண்டு நிக்குது. அவரு எந்திரிக்கவே இல்லன்னு அப்பதான் கண்டேன். ஓடிப்போய் ரோட்டுல ஆளக் கூப்பிட்டேன். கம்பும் கல்லும் எடுத்துக்கிட்டு வந்து குதிரைய வெரட்டினாங்க. அதுக்கப்புறம்தான் அது ஓடிச்சு."

எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"இன்னும் ஒண்ணு உண்டு. மொதல்ல நாங்க திரும்பிப் போறப்ப அவருக்க கை மேல எழும்பிச்சு. குதிரையக் கூப்பிடுதாருன்னு நெனச்சேன். இப்ப ஒறங்கக் கண்ண மூடினா அந்தக் கை வருது. எங்களையா கூப்பிட்டாரு மோளே?"

அவர் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்தேன். நர்ஸ் வேலை பார்த்தவளுக்குப் பதில் தெரியும். முதலில் மூளைக்கு ரத்தம் தடைப்பட்டிருக்கும், அதனால்தான் சாய்ந்தார். உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம். பால் வெட்டுக்கும் பால் எடுப்புக்கும் நடுவில் கழிந்த சில மணி நேரத்தில் போனது அந்த ஒருவேளைதான்.

"அவருக்க பொண்டாட்டி, அந்தப் பிள்ளைட்ட சொல்லாதீங்க. எனக்கு ஒரு மொவ உண்டு, கெட்டிக் குடுக்கணும்."

எதற்கும் வாக்குக் கொடுக்காமல் வந்தேன். வேனில் ஜெபா பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன்.

அக். 13, திங்கள்

கனமழை. சவாரி விசாரணை இரண்டு. திரும்பக் கூப்பிடவில்லை.

ஜெபாவுடன் வாக்குவாதம். காலையில் தொடங்கிச் சோறு ஆறும்வரை.

நான் சொன்னது: விழுந்த ஆளை விட்டு ஓடாத குதிரை. முதல் தடவை ஏறுகிறவர்களை நான் ஏற்றுகிறேன். இப்படி ஒன்றைக் கேட்டு ஊர் ஊராகப் போன் பண்ணினேன். அதற்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வரை தருவதாக இருந்தோம். ஊர் பொய் சொன்னது என்பதற்காக நாம் பாதி விலைக்கு எடுத்தால், அந்தப் பொய்யை நாமும் விற்று லாபம் பார்த்ததாக ஆகும்.

அவர் சொன்னது: "அவிய கேட்ட வெலயக் குடுக்குதோம். நாம ஏமாத்தல்லியே. கூடக் குடுத்தா ஏன்னு கேப்பாங்க. அப்ப என்ன சொல்லுவா? மாப்பிள்ள உயிரோட கெடந்தாருன்னா?"

அதுதான். அறுபதாயிரத்துக்கு எடுத்தால் ஷீபா வெறுப்போடு இருப்பாள், ஆனால் நிம்மதியாக. கொன்றது மிருகம், மிருகத்தைத் துரத்தியாயிற்று. நியாயமான விலையைச் சொன்னால் அந்த நிம்மதி போய்விடும். இரண்டில் எது அவளுக்குச் செய்யும் கெடுதல்?

சாயங்காலம் ஜெபா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் செத்துக் கெடந்தா, எனக்க கூட ஆரு நின்னான்னு உனக்குத் தெரியாண்டாமா?" பிறகு தானே எழுந்துபோய் ஈரத் துணியைக் கொடி மாற்றிப் போட்டார்.

அக். 14, செவ்வாய்

ஷீபாவிடம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சொன்னேன். பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நின்றது.

"எனக்குப் பாவம் பாக்குதியளா?"

"இல்ல அக்கா. குதிரைக்கு அதுதான் வெல."

"நான் அறுவது சொன்னேன். அண்ணன் முப்பத்தஞ்சு சொன்னாரு. நீங்க ஒண்ணு நாப்பது. எனக்குப் புத்தி இல்லன்னு நெனச்சியளா?"

மணியன் அண்ணன் பேசியேவிட்டிருக்கிறார். சத்தியமும் கித்தியமும்.

சொன்னேன். அவர் தானாகச் சாய்ந்தார், குதிரை தள்ளவில்லை, விட்டுப் போகவும் இல்லை, கம்பெடுத்து விரட்டிய பிறகுதான் ஓடியது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீரில்லை. கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், நான் அறிந்து முதல் தடவையாக.

"அவன் ஓடி வந்தப்ப நான் வெறகுக் கொள்ளியெடுத்து அடிச்சேன் சிஸ்டர். மூக்குல. அவன் ஒதுங்கக்கூட இல்ல."

பிறகு நான் பயந்திருந்த கேள்வி வந்தது. மெதுவாக, துணியை மடித்துக்கொண்டே.

"அவ்வளவு நேரம் ஒரு குதிர சானல்கரையில நின்னா ஆளு கண்டிருக்குமே. ஆரு கண்டா?"

"கண்டவங்க உண்டு. குதிரைக்குப் பயந்து கிட்ட வரல்ல. பேரு நான் சொல்லமாட்டேன்."

"அப்ப எனக்க மாப்பிள்ளைக்கு உயிர் இருந்துதா?"

இருந்தது என்றேன். கையைப் பற்றிச் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது இல்லை.

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தையல் கடைப் பெஞ்சில் காத்திருந்தேன். வாடிக்கைக்காரி ஒருத்தி வந்து சுடிதார் ஆயாச்சா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

மணியன் அண்ணன் போனில் கத்தினார்: "நான் கொறச்சு வச்ச வெலய நீ கூட்டினா சந்தையில எனக்க பேரு என்னாவும்?"

குதிரை இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். செய்யக்கூடாததைச் செய்துவிட்டேனோ.

அக். 15, புதன்

ஒன்றும் வரவில்லை. போனைப் பார்த்துப் பார்த்துச் சார்ஜ் தீர்ந்தது. மதுரைக் குதிரைக்காரர் கூப்பிட்டார், எழுபதுக்கு வருகிறாராம்.

அக். 17, வெள்ளி

ஷீபா விடியும்போதே கூப்பிட்டாள். "வாங்க சிஸ்டர். எனக்கு அந்த எடம் பாக்கணும்."

ராணாவை நான் பிடித்துக்கொண்டேன். அவள் தள்ளி, சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். ஆள் போன பிறகு அந்தப் பாதைக்கே வரவில்லையாம், கடைக்குப் போகக்கூட ரோடு சுற்றித்தான் போவாளாம். பாலம் தாண்டி, வளைவில், ராணா நின்றான். தலை தாழ்ந்தது. மூக்கு புல்லில்.

ஷீபா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அந்தப் புல்லின் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தாள். குதிரையின் மூச்சில் அவள் நெற்றி முடி அசைந்தது. அடித்த மூக்கை உள்ளங்கையால் மூடினாள். அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமில்லாமல், தோள் மட்டும்.

மேட்டில் காலடிச் சத்தம். கனகம் சேச்சி. கத்தியை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, சறுக்கும் மண்ணில் வேர்களைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். குதிரைக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றார். அவர் யாரென்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மோளே, நான் கண்டேன். நான் வந்திருக்கணும்."

ஷீபா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வைவாள் என்று நினைத்தேன். "அவிய ஏதாவது சொன்னாங்களா?" என்றுதான் கேட்டாள்.

"சொல்லல்ல. கைய மேல தூக்கினாரு."

"எந்தக் கை?"

"வலது."

ஷீபா தலையை ஆட்டினாள். புல்லில் கை வைத்தாள். மூன்று பேரும் அங்கே இருந்தோம். சானலில் ஒரு தேங்காய் மிதந்து போனது.

திரும்பும்போது கயிற்றை அவள் வாங்கிக்கொண்டாள். வீட்டு முனையில் நின்று சொன்னாள்:

"நீங்க சொன்ன வெலைக்கே தாறேன் சிஸ்டர். அதுல ஒரு ரூவா கொறச்சாலும் அவன் கொன்னவன்னு ஆவும்."

அக். 19, ஞாயிறு

ராணா வந்தாயிற்று. பணம் பேங்க் வழியாக. பிங்கி வேலிக்கு மேலாகக் கனைத்தாள், இவன் பதில் கொடுத்தான், பிறகு இருவரும் ஒருவரையொருவர் கவனிக்கவில்லை. குளம்பு வெட்ட ஆள் வியாழன் வருவார். கொள்ளு வாங்க வேண்டும். ஜெபா கொட்டகை ஓட்டை அடைத்தார். ஷீபா கூட வரவில்லை, ஒரு பழைய போர்வை கொடுத்துவிட்டாள். மழையில் நனைந்தால் அவன் இருமுவானாம்.

அக். 21, செவ்வாய்

மழை ஓய்ந்த காலை. விருந்தாளிகளை ஏற்றும் முன் தனியாக ஒரு நடை. சானல்கரை. வளைவில் நின்றான்.

நான் இறங்கவில்லை. கயிற்றைத் தளர்த்திவிட்டு இருந்தேன். அவன் காதுகள் திரும்பிய இடத்தை நானும் பார்த்தேன். புல். ஒரு தும்பி. மேலே விளையில் கனகம் சேச்சி பாலெடுக்கும் வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றுவிட்டது. எவ்வளவு நேரமோ. ராணா பெருமூச்சு விட்டு நகர்ந்த பிறகுதான் வாளி மறுபடி சத்தமிட்டது.